மாறிக்குப் பெயர் வைப்பது யாருக்காக?

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைப் பாடமாக எடுக்கும் எமது பிள்ளைகள் பைதன் என்ற செய்நிரல் மொழியைக் கற்கிறார்கள். கிளிநொச்சியில் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் என்னிடம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "சேர், இந்தப் பெயருக்கு முன்னால் ஏன் ஒரு கோடு? அந்தப் பெயருக்கு ஏன் இரண்டு பக்கமும் இரண்டு கோடு? மாற்றி எழுதினால் என்ன நடக்கும்?"

சோதனைக்கு இரண்டு வரியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் கணினிக்குள் எதற்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது சோதனையோடு முடிந்துவிடுகிற விடயமல்ல. எமது மக்களின் பெயர்களும் இழப்புகளும் இன்று பல அலுவலகங்களின் கணினிப் பட்டியல்களில் இருக்கின்றன. அந்தப் பட்டியல்களை உருவாக்கியவர்கள் வைத்த பெயர்களும், அவர்கள் கைக்கொண்ட வழக்கங்களும்தான் எங்களிடம் என்ன கேட்கப்படும், நாம் என்ன பதில் சொல்லலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரையைப் பெற்றோரும் வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

பைதனின் சொற்களை உண்மையில் ஆங்கில எழுத்தில்தான் எழுதவேண்டும். இங்கே வாசிக்கும் வசதிக்காக அவற்றைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

மாறி என்றால் என்ன?

கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு பெறுமானத்துக்கு நாம் இடும் பெயரே மாறி. குசினியில் வரிசையாக நிற்கும் ரின்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒட்டியிருக்கும் துண்டு பெயர். உள்ளே இருப்பது பெறுமானம். "குடும்ப_உறுப்பினர் = 5" என்று எழுதினால் அந்தப் பெயர் 5 என்ற எண்ணைக் குறிக்கும். பிறகு "குடும்ப_உறுப்பினர் = 4" என்று எழுதினால் அதே பெயர் 4 ஐக் குறிக்கும். மாறுவதால் அது மாறி.

பால்மா ரின்னுக்குள் மிளகாய்த்தூளைப் போட்டுவைத்தால் ரின்னுக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. தேத்தண்ணி போட வருபவருக்குத்தான் ஆபத்து. கணினியும் ரின் மாதிரித்தான். மாறிக்கு "அ" என்று வைத்தாலும், "மொத்த_நெல்_மூட்டை" என்று வைத்தாலும் அது ஒரே விடையைத்தான் தரும். பெயர் உதவுவது அந்தச் செய்நிரலைப் பிறகு வாசிக்கப்போகும் மனிதருக்கு.

இயந்திரம் கட்டாயப்படுத்தும் விதிகள்

பெயர் வைப்பதில் இரண்டு வகையான கட்டுப்பாடுகள் உள்ளன. ஒன்று விதி. மீறினால் செய்நிரல் ஓடாது. மற்றையது வழக்கம். மீறினாலும் செய்நிரல் ஓடும், ஆனால் வாசிப்பவர் தடுமாறுவார்.

பைதனின் விதிகள் குறைவு. பெயர் ஓர் எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்கவேண்டும். இலக்கத்தில் தொடங்கக்கூடாது. நடுவில் இடைவெளி வரக்கூடாது, அதனால்தான் சொற்களை அடிக்கோட்டால் இணைக்கிறோம். மொழி தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்களையும் பயன்படுத்தமுடியாது. "இஃப்", "வைல்", "கிளாஸ்", "நன்" போன்று அப்படி ஒதுக்கப்பட்ட சொற்கள் பைதன் 3 இன் அண்மைய பதிப்புகளில் 35 உள்ளன.

பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. "சம்" என்பது ஒதுக்கப்பட்ட சொல் அல்ல. அது கூட்டுத்தொகை காண்பதற்காகப் பைதன் முன்கூட்டியே தந்திருக்கும் ஒரு செயற்பாட்டின் பெயர். மொத்தத்தைச் சேர்த்துவைக்க ஒரு மாறி தேவைப்படும்போது பிள்ளைகள் "சம் = 0" என்று எழுதுவார்கள். பைதன் தடுக்காது. பத்து வரி தள்ளி உண்மையான "சம்" தேவைப்படும்போதுதான் பிழை காட்டும். இதற்கு அனுபவசாலிகள் கண்ட வழக்கம், பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு போடுவது. "சம்_" என்பது வேறு பெயர் ஆகிவிடும். வாசிப்பவருக்கும் ஏன் அந்தக் கோடு என்று விளங்கும்.

உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் வழக்கம்

வழக்கம் என்பது என்னவென்று பிள்ளைகளுக்கு விளக்க நான் எடுப்பது தேசிய அடையாள அட்டையை. பழைய அட்டையின் இலக்கத்தில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளோடு 500 ஐக் கூட்டுவார்கள். 1985 ஜனவரி 15 இல் பிறந்த ஆணின் இலக்கம் 85015 என்று தொடங்கும். அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 85515 என்று தொடங்கும். 2016 இலிருந்து வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாக எழுதப்படுகிறது.

515 என்ற எண்ணுக்குத் தானாக ஒரு பாலும் கிடையாது. அதை வாசிக்கும் உத்தியோகத்தரும் அதை வழங்கிய திணைக்களமும் ஒரே உடன்பாட்டில் இருப்பதால்தான் அது ஒரு பெண்ணைக் குறிக்கிறது. உடன்பாடு தெரியாதவருக்கு அது வெறும் எண். செய்நிரலில் வரும் பெயர் வழக்கங்களும் இப்படியான உடன்பாடுகளே.

பைதனின் கோடுகள் சொல்லும் செய்தி

பைதனை நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரொசம் 1991 இல் வெளியிட்டார். 2001 இல் அவரும் கூட்டாளிகளும் அதற்கு ஓர் எழுத்து நடை வழிகாட்டியைத் தந்தார்கள். "பெப் 8" என்று அது அழைக்கப்படுகிறது. இன்று உலகெங்கும் பைதன் எழுதுபவர்கள் பெரும்பாலும் அதைப் பின்பற்றுகிறார்கள். அதிலுள்ள முக்கியமான வழக்கங்கள் இவை.

மாறிகளின் பெயர்கள் சிறிய ஆங்கில எழுத்தில், சொற்களுக்கிடையே அடிக்கோட்டுடன் வரும். முழுவதும் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருந்தால், "இது மாறக்கூடாத பெறுமானம், கை வைக்காதே" என்று அர்த்தம். பைதன் அதைப் பூட்டி வைப்பதில்லை, மாற்றினால் மாறிவிடும். சின்ன "எல்", பெரிய "ஓ", பெரிய "ஐ" ஆகியவற்றைத் தனியெழுத்துப் பெயராக வைக்கவேண்டாம் என்றும் அந்த வழிகாட்டி சொல்கிறது. சில எழுத்துருக்களில் அவை 1 என்றும் 0 என்றும் தோன்றிவிடும்.

பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு இருந்தால், அது உள்வீட்டுப் பாவனைக்கானது. எங்கள் ஊரில் படலை சாத்தியிருந்தால் அயலவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். படலையில் பூட்டு இருக்காது, ஆனால் எல்லோருக்கும் மரியாதை தெரியும். "_கணக்கு" என்ற பெயர் அப்படிச் சாத்திய படலை. "செல்ஃப்" என்ற பெயரும் இந்த வகைதான். ஒரு பொருள் தன்னையே குறிக்க அந்தப் பெயரைப் பாவிப்பது வழக்கம். வேறு பெயர் வைத்தாலும் ஓடும், ஆனால் எவரும் வைப்பதில்லை.

முன்னால் இரண்டு கோடு இருந்தால் கதை கொஞ்சம் வேறு. ஒரு வகுப்புக்குள், அதாவது "கிளாஸ்" என்று எழுதும் கட்டமைப்புக்குள், அப்படி ஒரு பெயர் வந்தால் பைதன் அதனுடன் வகுப்பின் பெயரையும் சேர்த்து உள்ளுக்குள் மாற்றிவிடும். இரண்டு வகுப்புகளில் ஒரே பெயர் வந்து மோதாமல் இருக்க அந்த ஏற்பாடு.

இரண்டு பக்கமும் இரண்டு கோடு உள்ள பெயர்கள் மொழி தனக்கென்று வைத்திருப்பவை. "__நேம்__" என்பதைப் பைதன் தானே நிரப்புகிறது. ஒரு கோப்பை நீங்கள் நேரடியாக ஓட்டினால் அதன் பெறுமானம் "__மெயின்__" என்றிருக்கும். வேறொரு கோப்பு அதை இரவல் வாங்கினால் அந்தக் கோப்பின் சொந்தப் பெயர் இருக்கும். "நான் வீட்டுக்காரனாக வந்திருக்கிறேனா, விருந்தாளியாக வந்திருக்கிறேனா" என்று கோப்பு தெரிந்துகொள்வது இதனால்தான். இப்படியான பெயர்களை நாமாக உருவாக்கக்கூடாது என்பதும் வழக்கம்.

வெறும் ஓர் அடிக்கோடு மட்டும் ஒரு மாறியின் பெயராக வந்தால், "இந்தப் பெறுமானம் எனக்குத் தேவையில்லை, இடத்தை நிரப்பவே வைத்தேன்" என்று பொருள்.

தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். 2008 டிசம்பரில் வெளிவந்த பைதன் 3 இலிருந்து மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் இடமுடியும். "வயது = 17" என்று எழுதினால் அது ஓடும். ஒதுக்கப்பட்ட சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றையும் தமிழாக்கி, முத்தையா அண்ணாமலை என்ற பொறியியலாளர் "எழில்" என்ற மொழியை உருவாக்கியிருக்கிறார். அதில் திரையில் காட்டுவதற்குப் "பதிப்பி" என்று எழுதவேண்டும்.

தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய உதவி. "மாறி" என்ற கருத்தும் ஆங்கிலச் சொல்லும் ஒரே நேரத்தில் தலைக்குள் ஏறவேண்டியதில்லை. நான் முதல் சில வாரங்கள் தமிழ்ப் பெயர்களோடுதான் தொடங்குகிறேன். பிறகு உலகத்தோடு சேர்ந்து வேலை செய்வதற்காக ஆங்கிலப் பெயர்களுக்கு மாறுகிறோம்.

ஆனால் ஆங்கிலத்துக்காக உருவான வழக்கங்கள் தமிழுக்கு அப்படியே பொருந்துவதில்லை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லை. ஆகவே மாறாத பெறுமானத்தைப் பெரிய எழுத்தால் காட்டும் வழக்கம் எமக்கு உதவாது. நானும் பிள்ளைகளும் "மாறா_" என்று முன்னால் சேர்த்துக்கொள்கிறோம். ஒத்த தோற்றமுள்ள எழுத்துகளும் வேறு. தமிழ் எண் ௧ உம் "க" என்ற எழுத்தும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும். ௨ ஐ "உ" என்றும், ௭ ஐ "எ" என்றும், ௮ ஐ "அ" என்றும் கண் எடுத்துக்கொள்ளும். கணினிக்கு அவை முற்றிலும் வேறு வேறு. தவறுதலாக எண்ணை முதலில் வைத்து ஒரு பெயரை எழுதினால் பைதன் பிழை காட்டும். பிள்ளை எத்தனை தரம் பார்த்தாலும் பிழை கண்ணில் படாது.

மனிதரின் பெயர் தரவாகும்போது

மாறியின் பெயரில் வரும் இந்தச் சிக்கல், மாறிக்குள் இருக்கும் மனிதப் பெயரில் வரும்போது விளைவு பாரதூரமானது. "கௌரி" என்றும் "கெளரி" என்றும் எழுதிப் பாருங்கள். முதலாவதில் இருப்பது ஔகார உயிர்மெய். இரண்டாவதில் இருப்பது "கெ" என்ற எழுத்தும் "ள" என்ற எழுத்தும். பார்ப்பதற்கு ஒன்றுதான். கணினி இரண்டையும் ஒப்பிட்டால் வேறு வேறு ஆட்கள் என்று சொல்லும். "ஸ்ரீ" என்ற எழுத்தையும் யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். "கொ" போன்ற எழுத்தைச் சில விசைப்பலகைகள் ஒரு குறியீட்டோடும் சில இரண்டு துண்டுகளாகவும் பதியும். மாறியின் பெயராக வரும்போது பைதன் இந்தக் "கொ" இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். மாறிக்குள் இருக்கும் தரவாக வரும்போது அப்படிச் செய்யாது. அதைச் செய்நிரல் எழுதுபவர்தான் செய்யவேண்டும்.

இதற்கு மேல் எமக்கு மூன்று மொழிகள். தமிழில் சொன்ன பெயரைச் சிங்களத்தில் எழுதி, பிறகு அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றினால், அது புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருவதில்லை. குடும்பப் பெயர் என்ற பெட்டியும் எமக்குப் பொருந்தாது. பெரும்பாலான தமிழருக்கு இருப்பது தகப்பனின் பெயரும் தன் பெயரும். படிவத்தில் "முதற் பெயர்", "கடைசிப் பெயர்" என்று இரண்டு பெட்டி இருந்தால், ஒரே வீட்டில் தாய்க்கும் பிள்ளைக்கும் வெவ்வேறு "கடைசிப் பெயர்" வரும். கணினி அவர்களை உறவில்லாதவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு, 2016 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் என்று எங்கள் தாய்மார் ஒரே பெயரைப் பல இடங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர்களின் எழுத்து வேறுபட்டால் ஒருவர் இரண்டு பேராக எண்ணப்படலாம். இரண்டு பேர் ஒருவராகச் சுருங்கவும் கூடும். எண்ணிக்கையைப் பற்றிய ஒவ்வொரு வாதமும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பூச்சியம், வெற்றிடம், "நன்"

பைதனின் சிறப்புப் பெயர்களில் நான் அதிக நேரம் எடுத்துப் படிப்பிப்பது "நன்" என்பதை. "பெறுமானம் எதுவும் இல்லை" என்று சொல்வதற்கான பெயர் அது. பூச்சியம் வேறு, வெற்றிடம் வேறு, "நன்" வேறு. ஒரு குடும்பத்தின் பிள்ளைகளின் எண்ணிக்கை 0 என்றால் கேட்டுப் பார்த்தோம், பிள்ளைகள் இல்லை என்று பொருள். "நன்" என்று வைத்தால் இன்னும் அறியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பைதனில் "உண்டா இல்லையா" என்று மேலோட்டமாக ஒரு நிபந்தனை எழுதினால் பூச்சியம், வெற்றுச் சொல், "நன்" மூன்றும் "இல்லை" என்ற ஒரே பக்கத்துக்குப் போய்விடும். அதனால் "நன்" ஆ என்பதைத் தனியாகக் கேட்டுச் சோதிக்கவேண்டும் என்பது வழக்கம்.

தரவுத்தளங்களில் இதற்கு "நல்" என்று பெயர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒருவர் விளையாட்டாகத் தன் வாகன இலக்கத் தகட்டில் அந்தச் சொல்லையே வாங்கிப் பொருத்தினார். வாகன இலக்கம் பதியப்படாத தண்டப்பணச் சீட்டுகள் அவருடைய முகவரிக்கு வந்து குவிந்ததாக 2019 இல் செய்தி வந்தது. "தெரியாது" என்பதை ஒரு சாதாரணப் பெயராக இயந்திரம் எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

அந்தச் செய்தி சிரிப்பூட்டும். எங்களிடம் அதே விடயம் வேறு முகத்தோடு வருகிறது. "உயிருடன் உள்ளாரா" என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்து, "ஆம்", "இல்லை" என்ற இரண்டு பதில்களை மட்டும் அனுமதித்தால், 2009 மே மாதம் தன் மகனைக் கையளித்த தாய் எதைத் தெரிவு செய்வார்? "இறந்த திகதி" என்ற பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமுடியாது என்று செய்நிரல் எழுதப்பட்டிருந்தால் என்ன செய்வார்? சட்டத்திலும் இதே வழியைக் காணலாம். 2010 இன் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், ஓர் ஆண்டுக்கு மேல் காணாமலிருப்பவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. பல குடும்பங்கள் அதை ஏற்க மறுத்தன. 2016 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் காணாமலிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் கொண்டுவரப்பட்டது. "ஆம்", "இல்லை" என்பவற்றோடு "தெரியாது" என்ற மூன்றாவது பதிலுக்கு அப்போதுதான் தாளில் ஓர் இடம் கிடைத்தது. அந்தச் சான்றிதழும் போதாது, உண்மை தெரியவேண்டும் என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டம் கேட்பதும் அந்த உண்மையைத்தான்.

பெயரிடுதல் எவ்வளவு பாரமானது என்பதற்கு அந்தத் தாய்மாரின் சொல்லே சான்று. அரச ஆவணம் "காணாமல் போனோர்" என்கிறது. அவர்கள் "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்கிறார்கள். முதலாவதில் அந்த ஆள் தானாகப் போய்விட்டார். இரண்டாவதில் யாரோ அதைச் செய்திருக்கிறார்கள், அவர் பதில் சொல்லவேண்டும். அட்டவணையின் தலைப்பில் இரண்டில் எதை எழுதினாலும் கணினி ஏற்றுக்கொள்ளும். வாசிக்கும் மனிதருக்கு இரண்டும் ஒன்றல்ல.

நாம் செய்யக்கூடியவை

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், கோயில் நிர்வாகம் என்று எங்கள் ஊர்களிலும் பட்டியல்கள் கணினிக்குப் போகின்றன. பெரும்பாலும் ஒரு பாடசாலைப் பிள்ளைதான் அதைத் தட்டச்சு செய்து கொடுக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

ஒருவரின் முழுப்பெயரையும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி ஒரே பெட்டியில் எழுதுங்கள். தகப்பனின் பெயரை வேறு பெட்டியில் எழுதுங்கள். அதே ஆளின் பெயர் வேறு ஆவணங்களில் வேறு எழுத்தில் இருந்தால், திருத்தாமல் அந்த எழுத்துகளையும் பக்கத்தில் சேர்த்துவையுங்கள். அடையாள அட்டை இலக்கத்தை எண்ணாகச் சேமிக்கவேண்டாம், சொல்லாகச் சேமியுங்கள். பழைய வகை இலக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எண்ணாகப் பதிந்தால் அந்த எழுத்துக்கு இடமிருக்காது. தெரியாத இடத்தில் 0 என்றோ கோடு என்றோ போடாமல் தெரியாது என்றே பதியுங்கள். ஏன் தெரியாது என்று எழுத ஒரு பெட்டி வையுங்கள். எந்தப் பெட்டி எதைக் குறிக்கிறது என்று முதல் தாளில் தமிழில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. நாளை அரச அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் மென்பொருள் எழுதப்போகிறவர்களில் வன்னிப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் ஒரு படிவத்தை வடிவமைக்கும்போது, "இறந்த திகதி" என்ற பெட்டியை நிரப்பாமலும் அடுத்த பக்கத்துக்குப் போக வழி வைப்பார்கள் என்று நம்புகிறேன். அதற்கு அவர்கள் எழுதவேண்டியது ஒரேயொரு வரி. யாருக்காக அதை எழுதவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.